சைலன்சரை அறுத்தால் மலை ஏறாது

இன்றைக்கு இரண்டு தரப்பாரோடும் சண்டை போடுவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தரப்பு, சின்னக் கார் ஒன்றை வாங்கி, அதன் சைலன்சரை அறுத்து, ஸ்பிரிங்கை வெட்டி, பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஏற்காடு மலைப்பாதையில் 'டைமிங்' எடுக்கப் போகும் பிள்ளைகள். இன்னொரு தரப்பு, அந்தப் பிள்ளைகளை நிறுத்தி அபராதம் எழுதிவிட்டு, அதோடு கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள். இருவருமே என்னைத் திட்டுவார்கள். பரவாயில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு.

'உனக்கு என்ன தெரியும் கார் பந்தயத்தைப் பற்றி' என்று கேட்பீர்கள். பந்தயம் ஓட்டியதில்லை. ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 33 வருஷம் கிரீஸும் கையுமாக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் மலைக்குப் போய் வரும் வண்டிகளின் பிரேக் வேலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. மேலேயிருந்து இறங்கி வந்த வண்டியின் டிரம் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனாலே, ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் எந்தக் கியரில் இறக்கினார் என்று சொல்லிவிடுவோம். அந்த லைனிங் கருகிய வாசம் ரிட்டயர்டு ஆகி இத்தனை வருஷம் கழித்தும் மூக்கில் இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர்க் கதை. பனமரத்துப்பட்டியைச் சுற்றி அரளித் தோட்டம் அதிகம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அரளியை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. ஆகவே இங்கே இருட்டோடு எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறித்து, மூட்டை கட்டி, மொபெட்டின் பின்னால் வைத்து, சேலம் பூ மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். சரியாக அதே நேரத்தில்தான் நம் வீரர்கள் மலைக்குப் போகுமுன் 'டெஸ்ட் ரன்' விடுகிறார்கள். ஏரிப் பக்கம் ரோடு நேராக இருக்கிறது, போலீஸ் இல்லை, அதனால் இங்கே.

போன மாசி மாதம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர் பூ மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த கார் அவர்மேல் இடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அது 'பட பட பட்' என்று துப்பாக்கி சுட்டது, அவ்வளவுதான். மனிதர் பதறி ஹேண்டிலை ஒடித்தார், மூட்டையோடு சாய்ந்தார், இடுப்பெலும்பு போயிற்று. கார் நிற்கவில்லை. அறுபத்து நான்கு வயசில் இடுப்பில் பிளேட் வைத்தவர் திரும்ப மொபெட் ஓட்ட முடியுமா? இப்போது அவர் சம்சாரம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கமிஷன் கொடுத்துப் பூவை அனுப்புகிறார்.

அந்தத் துப்பாக்கிச் சத்தம் எப்படி வருகிறது என்று தெரியுமா? என்ஜினின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுகிறார்கள். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பெட்ரோலை நிறுத்த வேண்டிய கம்ப்யூட்டர், நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. தீப்பொறியும் நேரம் கழித்து வருகிறது. சிலிண்டருக்குள் எரிய வேண்டியது புகைக் குழாய்க்குள் போய் எரிகிறது. அதுதான் சத்தம். இதனால் காருக்கு அரைக் குதிரைத்திறன்கூடக் கூடுவதில்லை. காலை எடுத்த பிறகு வரும் சத்தத்தில் வேகம் எங்கிருந்து வரும்? மாறாக, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் செத்துப்போகும். காசு கொடுத்துத் தன் வண்டியைத் தானே கெடுத்துக்கொண்டு, அதன்மூலம் பூக்காரர் ஒருவரின் இடுப்பையும் ஒடிப்பதற்கு 'டியூனிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

டியூனிங் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

உறவுக்காரப் பையன் ஒருவன், ஐ.டி. வேலை, ஒரு ஸ்விஃப்ட் வைத்திருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது பெருமையாகக் காட்டினான். சேலத்தில் ஏதோ ஒரு கடையில் கொடுத்து 'ஸ்டேஜ் ஒன்' செய்திருக்கிறானாம். பில்லை வாங்கிப் பார்த்தேன். ஒன்றே முக்கால் லட்சம். காளான் மாதிரி ஏர் ஃபில்டர், பெரிய வாய் சைலன்சர், 17 அங்குல அலாய், ஸ்பிரிங் இறக்கம், கம்ப்யூட்டர் கணக்கு, ஸ்டிக்கர், டிக்கியில் சப்வூஃபர்.

"ஏன் கண்ணு, இதுல பிரேக்குக்கு என்ன பண்ணியிருக்காங்க?" என்றேன்.

"கம்பெனி பிரேக்கே போதும்னு சொன்னாங்க தாத்தா."

"பிரேக் ஆயிலாவது மாத்தினயா?"

"அது மாத்தணுமா?"

கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. நான் மேலே எதுவும் பேசவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதை நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 250 கிலோஜூல். சரி. இப்போது அதே காரை ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறக்குங்கள். உயர வித்தியாசத்தை 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இறங்குவதால் மட்டும் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 10,800 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 43 முறை தொடர்ந்து பிரேக் அடித்து நிறுத்துவதற்குச் சமம். என்ஜின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், சரியான கியரில் இருந்தால். காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் முன்சக்கரத்தில் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டில் சூடாகச் சேர்கிறது. பந்தயக்காரன் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகம் ஏற்றி இறக்குவதால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

பேருந்தில் காற்று பிரேக். காரில் ஆயில். இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உள்ளது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அந்த விதி. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். ஆறு வருஷ ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும். அமுங்கினால் பெடல் தரைக்குப் போகும், பேடு தட்டைத் தொடாது. இது பழுது இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. போன வளைவில் பிடித்த பிரேக் இந்த வளைவில் இருக்காது.

இந்த ஆயிலை மாற்ற ஆகும் செலவு, அந்தப் பையன் ஒட்டிய ஸ்டிக்கரை விடக் குறைவு.

ஆக, மலை ஏறவும் ட்ராக்கில் ஓட்டவும் ஒரு சின்னக் காரைத் தயார் செய்ய வேண்டுமானால் வரிசை என்ன? கடைக்காரர்கள் சொல்லும் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நிற்பது முதலில், திரும்புவது அடுத்து, ஓட்டுகிறவன் உயிர் அதற்கடுத்து, வண்டி சூடு தாங்குவது பிறகு, குதிரைத்திறன் கடைசி.

நிற்பது என்றால் புது ஆயில், நல்ல பேடு, முறுக்கிப் போன ரப்பர் ஹோஸ் இருந்தால் புதுசு. பேடில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரேஸ் பேடு சூடானால்தான் பிடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு காலையில் பால் வாங்கப் போனால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே தெரியும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் வேறு வேறு பேடு வைத்துக்கொண்டு மாற்றிப் போடுவதுதான் புத்தி. ஒரு மணி நேர வேலை.

டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று. அதைப் பார்க்காமல் 'நல்லா பட்டன் இருக்கு' என்று வாங்குகிறவர்கள் அதிகம். பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டிப்போனால் பிடிக்காது. அளவைப் பெரிதாக்க வேண்டியதில்லை. அந்தப் பையனின் 17 அங்குல அலாய் கம்பெனிச் சக்கரத்தைவிடக் கனம். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் சக்கரத்தைத் தரையில் ஒட்ட விடாமல் துள்ள வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், கல்யாண மண்டபத்து வாசலில்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி எனக்கு நிதானமாக எழுத வரவில்லை. வெட்டிய ஸ்பிரிங் கடினமாகும், நீளம் குறையும், ஷாக் அப்சார்பரோ பழைய கணக்குக்குச் செய்தது. மேடு வந்தால் முட்டும், பள்ளம் வந்தால் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே நகரும். ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களுக்கு முன்னால் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம். முன்சக்கரம்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதனால் வளைவில் வேகம் அதிகமானால் மூக்கு வெளியே தள்ளும். மலையில் வெளியே என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். இதைச் சரிசெய்ய, முன்சக்கரத்தின் தலையை உள்பக்கமாகச் சாய்க்கும் கேம்பர், பின்பக்கத்தைக் கொஞ்சம் விறைப்பாக்குவது, ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஷாக், தேய்ந்த புஷ்களை மாற்றுவது என்று அரை டிகிரி அரை டிகிரியாக வேலை இருக்கிறது. சத்தம் வராத வேலை. அதனால் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஓட்டுகிறவன் உயிர் என்றால் ஹெல்மெட், உடம்பைப் பிடித்துக்கொள்ளும் சீட், பெல்ட். பிறகு ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு. உலகப் போட்டிகளுக்கான எப்.ஐ.ஏ. விதியில் அதன் முக்கிய வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50-க்கு 2 என்று போட்டிருக்கிறது. மூட்டு இல்லாத குழாயாக இருக்க வேண்டும். கேட் செய்யும் பட்டறையில் கொடுத்து ஜன்னல் கம்பிக் குழாயை வளைத்து 'கேஜ்' என்று மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் கூண்டுக்குள் உட்கார்ந்து ரோட்டில் ஓட்டினால், சின்ன மோதலிலேயே மண்டை போய் முட்டுவது அந்த இரும்பில்தான். சாதாரணக் காரே அதைவிடப் பத்திரம்.

பிறகு சூடு. இங்கேதான் ட்ராக்கும் மலையும் பிரிகின்றன. ட்ராக் டே என்பது பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, சொந்தக் காரை ட்ராக்கில் பதினைந்து இருபது நிமிஷம் விட்டு விட்டு ஓட்டிப் பழகும் நாள். அத்தனை நேரமும் என்ஜினும் பிரேக்கும் வெந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டர், என்ஜின் ஆயில், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்புக்குக் கிடைக்காமல் போகாதபடி சம்ப்பில் தடுப்பு, இவையெல்லாம் அங்கே வேண்டும். மலையேற்றப் போட்டி வேறு ஜாதி. தனித்தனியாக ஒவ்வொரு காராக விடுவார்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். என்ஜின் வேகுமுன் கொடி விழுந்துவிடும். ஆனால் டயர் குளிர்ந்திருக்கும், பிரேக் குளிர்ந்திருக்கும், முதல் வளைவே நிஜ வளைவு. அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்ளலாம் என்பது கிடையாது. உச்ச வேகம் தேவையில்லை, இரண்டாவது மூன்றாவது கியரில் வளைவிலிருந்து எழும்பி வரும் இழுவை வேண்டும். ட்ராக்கில் ஜெயிக்கிற கியர் கணக்கு மலையில் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத என்ஜினுக்கு 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய மூன்று சதவீதம் சக்தி குறையும். சேலத்திலிருந்து ஏற்காடு போவதற்குள் பத்து சதவீதத்துக்கு மேல் காற்றிலேயே போய்விடுகிறது. பையன் காளான் ஃபில்டர் போட்டுக் கூட்டியதாக நினைப்பதைவிட இது அதிகம். அந்தக் காளானும் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது. சூட்டுக் காற்று மெலிந்த காற்று. கம்பெனிக்காரன் முன்பக்கத்திலிருந்து குழாய் வைத்துக் குளிர்ந்த காற்றை எடுத்தது அறியாமையால் அல்ல.

எடையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 900 கிலோ காரில் 85 குதிரை. ஐம்பது கிலோவை எடுத்துவிட்டால் 90 குதிரைக்குச் சமம். காசு செலவே இல்லை. ஆனால் நம் பிள்ளை டிக்கியில் சப்வூஃபரை ஏற்றி வைத்திருக்கிறான்.

சரி, பிள்ளைகளைத் திட்டியாயிற்று. இப்போது பெரியவர்களுக்கு வருகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. இதை நான் ஆட்சேபிக்கவே இல்லை. பொது ரோட்டில் ஓடும் வண்டி கம்பெனி சொன்னபடி இருக்கட்டும். பந்தயத்துக்கு மாற்றிய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகட்டும். உலகம் முழுக்க அப்படித்தான் போகிறார்கள்.

என் கேள்வி, ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்பது. பிரிவு 189 பொது இடத்தில் பந்தயம் விடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லது. ஆனால் அந்தப் பிரிவை முழுசாகப் படியுங்கள். 'மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல்' என்று இருக்கிறது. அப்படியானால் சம்மதத்தோடு நடத்தலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் திறந்தார்களே! 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பொது ரோட்டை அடைத்து, ராத்திரியில் விளக்குப் போட்டு, பார்முலா 4 ஓட்டினார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் முடிந்தது சேவராயன் மலையில் ஏன் முடியாது?

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு ஒன்றும் இறக்குமதிச் சரக்கு இல்லை. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்தே பந்தயம் நடந்தது. சென்னையில் இருக்கும் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி 3.7 கிலோமீட்டர் ட்ராக் போட்டு 1990-லேயே திறந்துவிட்டது. கோவையில் எஸ். கரிவரதன் என்ற மனிதர், மாருதி 800-ன் அந்தக் குட்டி என்ஜினை எடுத்து பார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாம் எல்லாம் மளிகை வாங்கப் போன வண்டி. அதில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் ஓட்டினார், இந்தியாவிலிருந்து முதல் ஆள். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். அவர் பேரில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் ட்ராக் இருக்கிறது. என் உறவுக்காரப் பையனுக்கு கரிவரதன் பேர் தெரியவில்லை. சப்வூஃபர் கம்பெனி ஏழின் பேர் தெரிந்திருக்கிறது.

மலையேற்றத்துக்கோ அதைவிடப் பழைய சரித்திரம். இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-லிருந்து நடக்கிறது. அமெரிக்காவில் பைக்ஸ் பீக், 1916-லிருந்து, 156 வளைவு. இவ்வளவு தூரம் போக வேண்டாம். கடல் தாண்டி இலங்கையில், நுவரெலியாவில், மஹகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934-ல் ஆரம்பித்த மலையேற்றப் போட்டி இருக்கிறது. சித்திரை வசந்த காலத்தில் ஊரே திரண்டு வந்து பார்க்கும் விசேஷம். நம்மைப் போன்ற மலை, நம்மைப் போன்ற தோட்டம், நம்மைவிடச் சின்ன நாடு.

உடனே ஒருவர் எழுந்து 'தியத்தலாவையில் என்ன நடந்தது என்று தெரியுமா' என்பார். தெரியும். 2024 ஏப்ரல் 21, ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. ராணுவமே பங்கெடுத்து நடத்திய போட்டியிலேயே அப்படி ஆயிற்று. அதை நான் மறைத்துவிட்டு வாதாட மாட்டேன். மலையில் போட்டி நடத்துவதென்றால் வளைவின் வெளிப்பக்கம் ஒரு ஆள் நிற்கக் கூடாது. கொடிக்காரர்கள் வேண்டும், ஆம்புலன்ஸ் கீழேயும் வேண்டும் மேலேயும் வேண்டும், ஒவ்வொரு காரையும் முதல் நாளே பிரித்துப் பார்க்கும் பரிசோதகர்கள் வேண்டும். இதெல்லாம் செய்ய முடியாது என்றால் நடத்த வேண்டாம். ஆனால் கள்ளத்தனமாக நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் கொடிக்காரரும் இல்லை, பரிசோதகரும் இல்லை, எதிரே ஏறி வருவது முதல் பஸ். 2024 ஏப்ரல் கடைசியில் இதே பாதையில் தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போனதை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பாதையில் சாதாரணமாக இறங்குவதற்கே எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று தெரிந்தும், விடிகாலைப் பந்தயத்தைக் கண்டும் காணாமல் விடுகிறோமே, அது மட்டும் பாதுகாப்பா?

'ரோட்டை அடைத்தால் மலை ஜனம் எப்படி வரும் போகும்?' இது நியாயமான கேள்வி, மலைக்காரர்கள் கேட்டால். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாவற்றுக்கும் கீழேதான் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் முழுப் பாதையும் வேண்டாம், முழு நாளும் வேண்டாம் என்கிறேன். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. கோடை விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று போலீஸே மாற்றிவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டபோதும் ஊர் சமாளித்தது. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறிலிருந்து பத்து வரை, அடிவாரத்திலிருந்து சில வளைவுகள் மட்டும். அவசர வண்டி வந்தால் உடனே நிறுத்தம்.

வனத்துறை சம்மதிக்குமா என்பது அடுத்தது. அங்கே காட்டெருமை நடமாட்டம் உண்டு, வெயில் ஏறினால் காட்டுத் தீ பயம் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு. ஆகவே தை மாதம்தான் சரி. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, புல் காய்வதற்கு முன். சத்தத்துக்கு அளவுகோல் வைத்து, மீறிய காரை வரிசையிலிருந்தே வெளியே தள்ள வேண்டும். இந்த ஒரு விதி போதும், பாதிப் பேர் வர மாட்டார்கள். வராதவர்களால் விளையாட்டுக்கு நஷ்டமில்லை.

பணக்காரன் விளையாட்டு என்கிறவர்களுக்கு, அந்த ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் பில்லை மறுபடி நினைவுபடுத்துகிறேன். அந்தப் பணத்தில் ஒரு பழைய ஜென் காரை வாங்கி, பிரேக், டயர், ஷாக், சீட், பெல்ட் எல்லாம் செய்துவிட்டு, செட்டிபாளையம் ட்ராக்குக்கு இரண்டு தடவை டீசல் போட்டு இழுத்துக்கொண்டு போகவும் மிச்சம் இருக்கும். ஜென் என்ஜின் முழுக்க அலுமினியம், 993 சி.சி., நாலு சிலிண்டர். உருவம் சின்னது, எடை சின்னது. மலைக்கு அதைவிடத் தோதான குட்டி வண்டி நம் ஊரில் அதிகம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

டியூனிங் கடைகளுக்கும் ஒரு வார்த்தை. கடையை மூடு என்று சொல்லவில்லை. கை வேலை தெரிந்த பையன்கள் அங்கே இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் வந்ததும் அவன் பிரேக் ஆயில் தேதியைக் கேட்காமல் சைலன்சர் படத்தைக் காட்டுகிறவன் மெக்கானிக் இல்லை, பட்டாசுக் கடைக்காரன். எங்கள் டெப்போவில் மேலாளர் ஒருவர் இருந்தார். லைனிங் தேய்ந்த வண்டியை அனுப்பச் சொல்லி மேலேயிருந்து எத்தனை போன் வந்தாலும் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். கால அட்டவணை கெடும். திட்டு வாங்குவார். அந்த மாதிரி ஆள் ஒவ்வொரு கடைக்கும் ஒருவர் வேண்டும்.

கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஞாயிறு விடிகாலையில் மல்லூர்ப் பிரிவிலிருந்து எங்கள் ஏரி ரோடு வரையிலும், கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரையிலும் போலீஸ் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில், அனுமதி பெற்ற மோட்டார் கிளப் ஒன்றின் பொறுப்பில், தை மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலு மணி நேரம் மலைப்பாதை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து, ஒன்றை மட்டும் போடுகிறேன் என்று வருகிறவர்களிடம் பேனா தர மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதாக இருக்கிறேன். இடுப்பில் பிளேட் வைத்த பூக்காரர் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உறவுக்காரப் பையன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.